ஈடு கொடுத்த காவல்

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகும் வழியிலும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகும் வழியிலும் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் மலையடிவாரம் வரை நீள்கின்றன. காய்ப்புக் காலத்தில் அங்கே காவல் இல்லாமல் முடியாது. மோட்டார், வயர், காய், ஆடுமாடு என்று களவு போகக்கூடியவை எப்போதும் உண்டு. இரவில் பன்றியும் யானையும் இறங்கும். அந்த வேலையில் ஒரு பங்கை இப்போது கம்பியில்லாக் கேமராவிடம் ஒப்படைக்கிறோம். வீட்டு வாசலுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயில் வைஃபை கேமரா கிடைக்கிறது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் தோப்பில் சிம் கார்டிலும் சோலார் தகட்டிலும் ஓடுவது கிடைக்கிறது. பயனுள்ள கருவிதான், எனக்கு ஐயமில்லை. ஆனால் இதே மண்ணில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் காவல்காரர் கூலி வாங்கியது பார்த்துக்கொண்டிருப்பதற்கு மட்டும் அல்ல. பொருள் போனால் ஈடு கட்டுவதற்கும் சேர்த்துத்தான் கூலி. அந்தப் பொறுப்பை யார் ஏற்பது என்று யோசிக்காமல் கேமராவை மாட்டினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்பது என் வாதம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அன்று திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. 1910-இல் ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போய், 1985-இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது. அந்தச் சீமையில் 18-ஆம் நூற்றாண்டு முடியும்வரை காவல் இரண்டு அடுக்காக இருந்தது. ஊருக்குள் களத்தையும் பயிரையும் வீட்டையும் பார்த்துக்கொண்டது ஸ்தலக்காவல். ஊரைத் தாண்டிய வழிகளும் பல கிராமங்கள் சேர்ந்த வட்டாரமும் திசைக்காவலில் அடங்கின. பாளையக்காரர்கள் அதற்குப் பொறுப்பு. சேத்தூர், சிவகிரி, கொல்லங்கொண்டான் ஆகியவை இந்த மலையோரத்துப் பாளையங்கள். விளைச்சலில் ஒரு பங்கு அல்லது பணம் காவல்கூலியாகப் போனது. களவு நடந்தால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும். மீட்க முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அவர் தூங்கிப்போனால் நட்டம் அவருக்கும்தான். இன்று இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு பக்கமும் செக்யூரிட்டி ஏஜென்சி இன்னொரு பக்கமும் தனித்தனியாக விற்பதை அன்றைய காவல் ஒரே கூலிக்குள் அடக்கி வைத்திருந்தது.

இதைக் கேட்டவுடன் ஒரு மறுப்பு எழும்: அது காவலா, மிரட்டலா? மறுப்பு நியாயமானது. பாளையங்களின் பேஷ்குஷ் (கப்பம்) வசூலுக்குக் கலெக்டராக இருந்த ஸ்டீபன் லஷிங்டன் முதல் பல கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள், காவலின் பெயரால் குடியானவரிடம் வரம்பில்லாமல் பறிக்கப்படுகிறது என்று எழுதினார்கள். பாளையக்காரரை ஒடுக்க அவர்களுக்குக் காரணம் தேவைப்பட்டது உண்மை. அதனால் மட்டும் குற்றச்சாட்டு பொய்யாகிவிடாது. காவல்கூலி கொடுக்க மறுத்த வீட்டில் மாடு காணாமல் போவதும், நடுவில் ஒருவர் வந்து துப்புக்கூலி பேசி வாங்கிக்கொண்ட பிறகு அந்த மாடு ஏதோ ஒரு புதரடியில் கட்டிக் கிடப்பதும் 19-ஆம் நூற்றாண்டு முழுக்கப் பதிவாகியிருக்கின்றன. 1896-இல் வடக்கே திண்டுக்கல் பக்கத்து ஊர்கள் இதைச் சகிக்க முடியாமல் பழைய காவலை விலக்கின. அப்போது வீடுகள் எரிந்தன, குடும்பங்கள் விரட்டப்பட்டன. காவல் செய்துவந்த ஒரு சாதி முழுவதையும் களவுக்குக் குற்றவாளியாக்கிய அந்தக் கொடுமையை மறைத்துப் பேச முடியாது. ஆனால் அந்த ஊர்கள் பழைய காவலுக்குப் பதிலாக எதை வைத்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நிலத்துக்கும் ஆடுமாட்டுக்கும் இவ்வளவு என்று பணம் போட்டு ஒரு பொது நிதி திரட்டினார்கள். களவு கொடுத்தவருக்கு அந்த நிதியிலிருந்து ஈடு. ஆபத்து என்றால் ஊதுவதற்குக் கொம்பு. சத்தம் கேட்டால் அக்கம்பக்கம் ஓடிவர வேண்டும். காவல்காரரை வெறுத்த ஊரும் ஈடு கொடுக்கும் கடமையை விடவில்லை, அதை மிரட்டுபவரிடமிருந்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டது.

அரசு வந்த விதம் வேறு. 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் திசைக்காவல் கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1816-ஆம் ஆண்டு ஒழுங்குவிதி கிராமக் காவலை ஊர்த் தலைமைக்காரரின் கீழ் வைத்தது. 1859-இல் மதராஸ் மாவட்டப் போலீஸ் சட்டம் வந்தது. பணக்காரர், ஏழை யார் வந்தாலும் புகார் எழுதிக்கொள்ள ஒரு நிலையம், சம்பளத்துக்கு வேலை பார்க்கும் காவலர், வழக்கு, விசாரணை. இவை பெரிய லாபங்கள், பழைய காவலுக்காக இவற்றைக் கைவிடச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் ஈடு கட்டும் கடமை இந்த மாற்றத்தில் யாரிடமும் போய்ச் சேரவில்லை. களவு போன வீட்டுக்கு எஞ்சியது வழக்கு எண் மட்டும். அதைவிடக் கொடியது ஒன்றும் நடந்தது. 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் மதராஸ் மாகாணத்துக்கும் வந்து, தலைமுறை தலைமுறையாகக் காவல் தொழில் செய்தவர்களையே பிறப்பால் குற்றவாளிகள் என்று பதிவேட்டில் ஏற்றியது. கைரேகை வைக்க வேண்டும், இரவில் ஆஜராக வேண்டும், ஊர் விட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும். கைரேகை வைக்க மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மதராஸில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆனது. எல்லோரையும் பார்ப்பவர், யாருக்கும் பதில் சொல்லாதவர் என்ற நிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட நெருங்கிய சாட்சி நமக்கு வேண்டியதில்லை.

வீட்டுக் காவலில் இந்த வட்டாரத்துக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது ராஜபாளையம் நாய். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம். 2005-இல் இந்திய அஞ்சல்துறை நான்கு நாட்டு இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இதுவும் ஒன்று. அந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் சில குட்டிகளுக்கு ஒட்டிவருகிறது என்பது வளர்ப்பவர்கள் அறிந்த கவலை. நாய் களவுக்கு ஈடு கொடுக்காதுதான். ஆனால் குரைப்பதும், அந்தச் சத்தத்தில் எழுந்து வருபவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

கேமராவைப் பொறுத்தவரை இந்த வட்டாரத்துக்குக் காடு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1920-களில் வட இந்தியக் காடுகளில் வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் கம்பி கட்டி, அதை மிதித்த புலி தன்னையே படம் எடுத்துக்கொள்ளும்படி செய்தார். 1990-களில் நாகரஹொளேயில் புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் அதே உத்தியைக் கணக்கெடுப்பு முறையாக வளர்த்தார். வரிகளை வைத்து ஒவ்வொரு புலியையும் தனித்தனியாக அடையாளம் காணலாம். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு இந்த மலையும் அந்தக் கணக்கில் முழுமையாகச் சேர்ந்தது. காட்டுக் கேமரா எதையும் தடுப்பதில்லை. அது பயன்படுவதற்குக் காரணம், கார்டை எடுக்க ஒருவர் ஏறிப் போகிறார், படத்தை ஒருவர் பார்க்கிறார், அதன்மேல் ஒரு துறை முடிவெடுக்கிறது.

தோப்புக் கேமராவுக்குப் பின்னால் அப்படி யார் இருக்கிறார்கள்? கேமரா தூங்காது, லஞ்சம் வாங்காது, அதைப் பார்த்தாலே திருடன் விலகுவான் என்பார்கள். மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அது தூங்கும். பேட்டரியில் ஓடும் கேமரா பெரும்பாலும் உறக்கத்தில்தான் இருக்கும். உடல் சூட்டை உணரும் சென்சார் தட்டினால்தான் விழிக்கும். சித்திரை வெயிலில் சுற்றுப்புறம் மனித உடம்பளவு சூடேறும்போது அந்த சென்சாருக்கு ஆள் தெரிவது குறைகிறது. ஆடிக் காற்றில் தென்னை ஓலை அசைய, இரவு விளக்குக்கு வரும் பூச்சியைத் தேடிச் சிலந்தி லென்ஸ்மேல் வலை கட்ட, வீண் எச்சரிக்கைகள் குவிந்து பேட்டரி தீர்கிறது. நாலு நாளில் வீட்டுக்காரரே செல்பேசியில் அறிவிப்பை நிறுத்திவிடுகிறார். எனவே மாட்டும் இடம் முக்கியம். நேராக வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை அந்த சென்சார் நன்றாகப் பிடிக்கும், ஆகவே பாதையைப் பக்கவாட்டில் பார்க்கும்படி எட்டு, பத்து அடி உயரத்தில் வையுங்கள். மாலை வெயில் மலைப்பக்கமிருந்து வருவதால் லென்ஸ் மேற்கே பார்க்க வேண்டாம். நம் மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். வயர் நுழையும் துளை கீழ்நோக்கி இருக்கட்டும். அறிவிப்பு சென்னையில் இருக்கும் மகனுக்கு மட்டும் போனால் போதாது. இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் டார்ச்சுடன் போகக்கூடிய இரண்டு பேர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவர்களுக்கு ஒரு தொகை பேசியிருக்க வேண்டும். நாலு தோப்புக்காரர் சேர்ந்தால் இது பெரிய செலவில்லை. திண்டுக்கல் ஊர்களின் நிதியும் கொம்பும் செய்த வேலை இதுதான்.

தனி வீட்டுக்காரருக்கு இவ்வளவு எதற்கு, சொந்தப் பாதுகாப்புக்கு யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். லென்ஸ் வேலிக்குள் நின்றால் அந்தக் கேள்வி சரி. அது பொதுப் பாதையையோ, கூலிக்கு வந்த பெண்கள் கைகால் கழுவும் தொட்டியையோ பார்த்தால் நிலைமை மாறுகிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் புட்டசாமி வழக்கில் சொன்னது. ஆனால் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபரின் வீட்டுப் பயன்பாட்டை விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே பார்க்கப்படுபவருக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்: கேமரா இருப்பதை எழுதி வைப்பது, கோணத்தைத் திருப்புவது, பதிவை வாட்ஸ்அப்பில் சுற்ற விடாமலிருப்பது. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்ற வேண்டும். 2016-இல் மிராய் என்ற தீநிரல் அப்படி மாற்றாமல் விட்ட மலிவுக் கேமராக்களை லட்சக்கணக்கில் வசப்படுத்தி இணையத்தையே தாக்கியது. களவு நடந்தபின் பதிவு நீதிமன்றத்தில் செல்லுபடியாக, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் நிபுணரும், இன்னொரு பகுதியில் கருவியைத் தன் பொறுப்பில் வைத்திருந்தவரும் கையெழுத்திட வேண்டும். மெமரி கார்டு சில நாள்களிலேயே பழைய பதிவின்மேல் புதியதை எழுதிவிடும். அதற்குள் நகலெடுத்துவைத்து, அந்தக் கையெழுத்தைப் போடப்போவது யார் என்பதைக் கேமரா மாட்டும் அன்றே பேசி முடிவு செய்துவிட வேண்டும்.