என்புப் புற்றுநோய்: மருத்துவ வரலாற்றில் ஓர் அத்தியாயம்

புற்றுநோய்களுட் பல முதுமையை நாடி வருவன. ஒஸ்ரியோசார்க்கோமா என்னும் என்புப் புற்றுநோயோ, உடல் விரைந்து வளரும் இளமைப் பருவத்தையே பெரிதும் நாடுகின்றது. முழங்காலை அடுத்த நீண்ட என்புகளின் அந்தங்களே அதன் முதன்மையான உறைவிடம். 1805 ஆம் ஆண்டில் அதற்கு இப்பெயரை இட்டவர் அலெக்சி புவாயே என்னும் பிரெஞ்சுச் சத்திரவைத்தியர்.

நெடுங்காலம் நோயுற்ற அவயவத்தைத் துண்டித்தலே இதற்குரிய சிகிச்சையாயிருந்தது. ஆயினும், துண்டித்த பின்னரும் நோயாளர் ஐவருள் நால்வர் மாண்டனர். இந்நிலை 1970களின் தொடக்கம்வரை நீடித்தது. அறுவை திருத்தமாக நிகழ்ந்தும் உயிர் தப்பாதது ஏன்?

கட்டி கண்டறியப்படும் வேளையிலேயே, எக்ஸ்-கதிர்ப் படத்திற்கும் புலனாகாத நுண்ணிய நோய்க்கலங்கள் குருதிவழியாகச் சுவாசப்பையை அடைந்துவிடுகின்றன. காலை அகற்றிய கத்தி அவற்றைத் தீண்டவில்லை. ஆகவே, குருதியோடு உடலெங்கும் செல்லும் மருந்து வேண்டப்பட்டது. 1970களின் முற்பகுதியில் பொஸ்ரன் நகரில் நோர்மன் ஜாபி முதலியோர் மெதொத்திரெக்சேற் என்னும் மருந்தைப் பேரளவிற் கொடுத்து, அதன் நச்சுத்தன்மையை மாற்று மருந்தாற் தணித்தனர்.

அக்காலத்தில் நியூயோர்க்கில், காலைத் துண்டிக்காது நோயுற்ற பகுதியை மட்டும் அகற்றி, உலோக மூட்டைப் பொருத்தும் முயற்சி நிகழ்ந்தது. ஒவ்வொருவருக்கும் அளவெடுத்து அம்மூட்டைச் செய்து முடிக்கப் பல வாரங்கள் சென்றன. அவ்விடைக்காலத்தை வீணாக்காது ஜெரல்ட் ரோசன் முதலியோர் மருந்து கொடுத்தனர். பின் அகற்றிய கட்டியை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தபோது, அதில் மருந்தால் இறந்த கலங்களின் அளவு, நோயாளர் பிழைக்கும் வாய்ப்பைக் காட்டும் குறியாயிற்று. இவ்வாறு, காத்திருக்க நேர்ந்த காலமே சிகிச்சைக்குரிய காலமாயிற்று.

எனினும், விளைந்த நன்மை மருந்தினாலன்று, சத்திரசிகிச்சையும் நோயறியும் முறைகளும் திருந்தியமையாலேயே என ஐயுற்றோரும் இருந்தனர். இதனைத் துணிதற்பொருட்டு, 1982 முதல் 1984 வரை ஐக்கிய அமெரிக்காவில் நோயாளரைத் திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவாக வகுத்து ஆராய்ந்தனர். சத்திரசிகிச்சையோடு நிறுத்தப்பட்டவருள் நூற்றுக்கு 17 பேரும், மருந்தும் கொடுக்கப்பட்டவருள் நூற்றுக்கு 66 பேரும் ஈராண்டின் பின் நோய் மீளாதிருந்தனர். 1986 இல் இம்முடிவு வெளிவரவே ஐயம் அகன்றது.

இன்று, பரவல் புலப்படுமுன் சிகிச்சை பெறுவோர் மூவருள் ஏறத்தாழ இருவர் பிழைக்கின்றனர். பலர் காலையும் இழப்பதில்லை. ஆயினும், அதன்பின் சென்ற நாற்பது ஆண்டுகளில் இவ்விகிதம் பெரிதும் உயரவில்லை. நோய் சுவாசப்பையிற் புலப்பட்டபின் வருவோர் நிலை இன்னும் இரங்கத்தக்கதே. ஆதலின், விளையாட்டில் அடிபட்டதெனக் கருதப்படும் முழங்கால் நோவு இரவிலும் ஓயாது வாரக்கணக்கில் நீடிக்குமாயின், வைத்தியரிடங் காட்டி எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பித்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கடனாகும்.