ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம்

2025 ஜனவரியில் ஜொகூரின் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியது. அந்த ஆண்டு ஐந்தாம் ஆண்டுக்குப் போன அக்கா மகளால் நம்பவே முடியவில்லை. முதலாம் ஆண்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் சீருடை போட்டே பழகியவள். “இனிமே சண்டேல ஸ்கூல் இல்லையா மாமா?” என்று இரண்டு முறை கேட்டாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, “நாங்க படிச்சப்பவும் வெள்ளிக்கிழமைதான் லீவு” என்றார். இரண்டு பேருக்கும் நடுவில், ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து வளர்ந்தவன் நான் மட்டும்தான்.

1994 வரை ஜொகூரில் வெள்ளிக்கிழமை ஓய்வு நாள். அந்த ஆண்டு அது சனி, ஞாயிறாக மாறியது. 2014இல் சுல்தானின் அறிவிப்பால் மறுபடியும் வெள்ளி, சனி. பதினோரு ஆண்டுகள் கழித்து இப்போது மறுபடியும் மாற்றம். ஒரு பிள்ளையின் பாட வாரம் எந்த நாளில் தொடங்க வேண்டும் என்பதே இங்கே ஒரு வரலாறுதான். அந்த வாரத்துக்குள் என்ன நடந்தது என்பது இன்னொரு வரலாறு.

நான் ஆறாம் ஆண்டு படித்தது 2009இல். திங்கட்கிழமை சபைகூடல், ஒரு நாள் புறப்பாட நடவடிக்கை, மற்ற நாள்களில் மதியத்துக்குமேல் கூடுதல் வகுப்பு. சனிக்கிழமை காலையிலும் பள்ளிதான். எல்லாம் யுபிஎஸ்ஆர் தேர்வுக்காக. தமிழில் இரண்டு தாள், மலாயில் இரண்டு, ஆங்கிலம், கணிதம், அறிவியல் என்று மொத்தம் ஏழு. ‘ஏழு ஏ’ என்பது எங்கள் காலத்தில் கிட்டத்தட்ட ஒரு பட்டப்பெயர். ஏழு ஏ எடுத்த பிள்ளையின் படம் பள்ளி வாசலில் பேனராகத் தொங்கும். உடற்கல்வி, ஓவியப் பாட நேரங்கள் எப்போது மாதிரித் தேர்வுத்தாள் நேரங்களாக மாறின என்று எங்களுக்கே தெரியாது.

இன்னொன்றும் இருந்தது. 2003இல் முதலாம் ஆண்டிலிருந்து அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தது. நான் 2004இல் பள்ளியில் சேர்ந்தவன்; ஆறு ஆண்டுகளும் அந்தப் பாடநூல்கள்தான். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, 2009 ஜூலையில், அந்தத் திட்டம் கைவிடப்படும் என்று அறிவிப்பு வந்தது. அறிவித்தவர் அன்றைய கல்வி அமைச்சர் முகிதீன் யாசின். 1994இல் ஜொகூரின் வார விடுமுறை மாறியபோது மந்திரி புசாராக இருந்தவரும் அவர்தான்.

பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கப் போனபோது அந்த ஆங்கிலம் எனக்கு உதவியது, மறுக்கவில்லை. ஆனால் முதன்முதலில் தமிழில் ஒரு அறிவியல் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது, ‘ஒளிச்சேர்க்கை’, ‘உராய்வு’ என்ற சொற்களை என்னைவிடச் சின்னவனான சித்தி மகனின் பாடநூலைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்தவன் நான்!

பாட்டி படித்தது குளுவாங் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில், மூன்றாம் வகுப்பு வரைக்கும். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூட்டரசு மலாய் மாநிலங்களில் சொன்னது. ஜொகூர் அந்தக் கூட்டரசில் இல்லை. ஆனாலும் தோட்டப் பள்ளிகள் இங்கேயும் எழுந்தன. ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. பாட்டியின் வாரத்தைக் கிழமை தீர்மானிக்கவில்லை. விடியுமுன்னே அம்மா அப்பா பெரட்டுக்குப் போவார்கள். கைக்குழந்தை ஆயாக்கொட்டகைக்குப் போகும். அதற்குக் காய்ச்சல் என்றால் பாட்டிக்குப் பள்ளி கிடையாது. மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டு நிற்கும், அம்மா வீட்டில் இருப்பார். அன்றைக்குப் பாட்டி பள்ளிக்கு ஓடுவார். “மழை பேஞ்சாதான் எனக்குப் படிப்பு” என்பார்.

அக்கா மகளுக்கு யுபிஎஸ்ஆர் இல்லை. கோவிட் காரணமாக 2020இல் நடக்கவில்லை. 2021இல் ஒரேயடியாக ரத்தானது. அறிவியலைத் தமிழில் படிக்கிறாள். 2014இலிருந்து நான்காம் ஆண்டு முதல் வரலாறும் தனிப்பாடமாக வந்துவிட்டது. அந்த நூலில் மலாக்கா உண்டு, சுதந்திரம் உண்டு. மழைக்குக் காத்திருந்து பள்ளிக்குப் போன சிறுமிக்கு அதில் இடமில்லை.

போன மாதம் அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, அம்மாச்சி ஐந்தாம் ஆண்டில் படித்த ஒரு வாரத்தை நாள்நாளாகக் கேட்டு எழுதச் சொன்னேன். வியாழன் வரைக்கும் எழுதிவிட்டாள். பாட்டியிடம் நான் இப்படிக் கேட்கவே இல்லை. அவர் 2019இல் போய்விட்டார். வார விடுமுறை எந்தெந்த ஆண்டு மாறியது என்று எனக்குத் தெரியும். பாட்டிக்கு ஓய்வு என்று ஒரு நாள் இருந்ததா என்பதைக் கேட்காமலேயே விட்டுவிட்டேன்.