மணல் முதல் கணினி வரை

கல்விக் கருவிகளைப் பற்றிய பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. எந்தப் பள்ளிக்கு எத்தனை கணினி வந்தது என்று கணக்கெடுக்கிறார்கள். அக்கணினியின் முன் பிள்ளைகளை அமர்த்திக் கற்பிக்கும் ஆசிரியர் எங்கிருந்து வந்தார், அவருக்குத் தகுதிச் சான்று அளித்தவர் யார், அச்சான்றைத் தேடி அவர் நடந்த வழி எத்தகையது என்று கேட்போர் மிகச் சிலரே. பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து இக்கேள்வியை நாம் எழுப்ப விரும்புகிறோம். ஏனெனில் இதற்கான விடை கணினி பிறப்பதற்கு மிக முன்னரே தொடங்கிவிட்டது.

தென்னிந்தியத் திண்ணைப் பள்ளிகளில் மணலே பலகை, விரலே எழுதுகோல். காகிதமும் பலகையும் வாங்க வகையற்ற ஏழைப் பிள்ளைக்கு அதுவே எழுத்தறிவின் முதற் கருவி. சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் இவ்வாறு மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு தமது பள்ளியிலும் அதனைப் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அதனோடு இணைத்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே இது ‘சென்னை முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவிற்று.

ஆனால் இங்கிலாந்து அவ்வளவில் நின்றுவிடவில்லை. மாணவனே மாணவனுக்குக் கற்பிப்பது மலிவானதேயன்றிப் போதுமானதன்று என்பதை அது விரைவில் உணர்ந்தது. 1846இல் அரசு புதிய ஏற்பாடொன்றை வகுத்தது. பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை மாணவ ஆசிரியராகச் சேரலாம். ஐந்தாண்டு உதவித்தொகையுடன் பழகி, தேர்வெழுதி, அரசின் செலவிலேயே பயிற்சிக் கல்லூரி புகுந்து, சான்றிதழ் பெற்ற ஆசிரியராக வெளிவரலாம். உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இவ்வழியே ஆசிரியராயினர். தகுதி உயர்த்தப்பட்டது, அதனை எட்டுவதற்கான படிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டப்பட்டன. இந்த இரண்டாவது செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

அதே காலத்தில்தான் தமிழகத்து உழவர் குடும்பங்கள் பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டு, கங்காணிகளின் பின்னே இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துகொண்டிருந்தன. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. இருப்புப்பாதை 1893இல் அப்புத்தளையையும், 1924இல் பதுளையையும் எட்டிற்று. நமுனுகுலை, பசறை, மடுல்சீமை, லுணுகலை என மலை மலையாகக் காடு அழிந்து கொழுந்து தளிர்த்தது. தேயிலைப் பெட்டி துறைமுகம் செல்வதற்கு இத்துணை விரைவாக வழி கண்ட ஆட்சி, தொழிலாளியின் பிள்ளை பள்ளி செல்வதற்கு என்ன வழி கண்டது?

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பது தோட்டத் துரையின் கடமை என்று விதித்தது. பத்து வயதோடு கல்வி முடிந்தது. அதன் பிறகு பிள்ளையின் பெயர் பள்ளி இடாப்பிலிருந்து பிரட்டுக்கு மாறிவிடும். ஆசிரியரை நியமிப்பவரும் துரைதான். ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், லயத்தின் ஒரு மூலையிலோ தகரக் கொட்டகையிலோ எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் ஒருங்கே வைத்துக் கற்பித்தார். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் துரைமாருக்கு அவர்கள் கடமையை மீண்டும் நினைவூட்டியது. ஆயினும் ஓராசிரியர் பள்ளி ஓராசிரியர் பள்ளியாகவே நீடித்தது. கொழுந்து பறிப்பவளுக்கு உயர்ந்த கல்வி எதற்கு என்பதே தோட்ட மூலதனத்தின் கணக்கு. அந்தக் கணக்கிற்குத் தகுதி பெற்ற ஆசிரியர் தேவைப்படவில்லை.

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி மலர்ந்தபோது நாட்டின் ஏழைப் பிள்ளைகள் பல்லாயிரவருக்கு வாழ்வு திறந்தது. தோட்டப் பள்ளிகளோ அம்மலர்ச்சிக்குப் புறத்தே நின்றன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. குடியுரிமை அற்றவர் அரசாங்க ஆசிரியராக முடியாது. ஆகவே தோட்டத்து இளைஞர் எவ்வளவு கற்றாலும், துரையின் கூலி ஆசிரியர் என்ற நிலைக்கு மேல் ஏறும் வாயில் அவர்களுள் மிகப் பலருக்குச் சட்டத்தாலேயே அடைக்கப்பட்டது. 1960–61இல் உதவி பெறும் பள்ளிகளை அரசு ஏற்றபோதும் பெரும்பாலான தோட்டப் பள்ளிகள் தோட்டத்திடமே விடப்பட்டன. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிளந்து, பல இலட்சம் பேரைக் கப்பலேற்றிற்று. 1975இல் பெருந்தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, எழுபதுகளின் பிற்பகுதியில், பள்ளிகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. குடியுரிமைச் சிக்கலுக்கு இறுதித் தீர்வாகச் சட்டம் வந்தது 2003இல்தான்.

இனி அண்மைக் காலத்தைப் பார்ப்போம். 1985இல் தேசிய கல்வி நிறுவகமும், 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தேசிய கல்வியியல் கல்லூரிகளும் உருவாயின. உயர்தரம் தேறியவர் ஈராண்டு கல்லூரியில் தங்கிப் பயின்று, ஓராண்டு பள்ளியில் பழகிய பின்னர்ப் பயிற்றப்பட்ட ஆசிரியராகிறார். மலையகத்துக்கென்று கொட்டகலையில் ஆசிரியர் கலாசாலையும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜெர்மானிய உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியும் எழுந்தன. ஸ்வீடன் நாட்டின் உதவி தோட்டப் பள்ளிக் கட்டடங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் துணைநின்றது. தேயிலைப் பெட்டியைச் சுமந்த அதே மலைநாட்டு இரயிலில் ஊவாவின் தமிழ் இளைஞரும் யுவதியரும் சான்றிதழ் தேடிக் கொட்டகலைக்குச் சென்றனர். இது சிறிய சாதனையன்று. அத்தலைமுறையின் உழைப்பால்தான் இன்று மலையகத்தில் எழுத்தறிவு இந்த அளவுக்கேனும் உயர்ந்துள்ளது.

எனினும் தாழ்ந்த வாயில் என்னும் பழைய வழக்கம் முற்றாக ஒழியவில்லை. பெருந்தோட்டப் பள்ளிகளின் ஆசிரியர் பற்றாக்குறையை நீக்கவென்று 2015ஐ ஒட்டி ஏறத்தாழ 3,000 பேர் ‘ஆசிரிய உதவியாளர்’ என்ற பெயரில் நியமிக்கப்பட்டனர். தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். அந்நாளில் கொழுந்து பறிப்பவரின் அடிப்படை நாட்கூலி 450 ரூபாய். மாதம் இருபது நாள் வேலைக்குச் சென்ற தாய் 9,000 ரூபாய் ஈட்ட, உயர்தரம் தேறி வகுப்பறையில் நின்ற மகள் அதனினும் குறைவாகப் பெற்றாள்! பின்னர் அத்தொகை 10,000 ஆக உயர்ந்தது. பயிற்சியை முடித்த பின்னரே ஆசிரியர் சேவைக்குள் நுழையலாம். அதுவரை முழு ஆசிரியரின் பாரம். அரை ஆசிரியரின் பெயர்.

இத்தகைய நிலத்தில்தான் கணினி வந்து இறங்கிற்று. தொண்ணூறுகளில் கணினி வள நிலையங்கள் தோன்றின. 2000களில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பாடமாயிற்று. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியது. இப்பாடத்தைக் கற்பிக்கத் தனியான உரிமத் தேர்வு என்று இலங்கையில் ஒன்றும் இல்லை. 1994இல் வகுத்து 2014இல் திருத்திய ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பே வாயில். கல்வியியல் கல்லூரி டிப்ளோமா ஒரு வழி. பல்கலைக்கழகப் பட்டமும் அதன்பின் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் மற்றொரு வழி. தாளில் பார்த்தால் இரு வழிகளும் எல்லோருக்கும் பொது.

நடைமுறையில் என்ன? முதல் வழிக்கு உயர்தரம் வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளுள் பெரும்பாலானவை உயர்தர வகுப்பே இல்லாதவை. கணிதமும் விஞ்ஞானமும் தமிழில் உயர்தரம் வரை கற்பிக்கும் பள்ளிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மடுல்சீமை மலையில் இருக்கும் பிள்ளை அதற்காகவே நகரத்தில் தங்கியாக வேண்டும். இரண்டாம் வழியில் ஆங்கிலம் குறுக்கே நிற்கிறது. கணினித் துறைப் பட்டப்படிப்புகள் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. 2005இல் உருவான ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது; கணினித் துறையும் அங்கு உண்டு. ஆயினும் சூழவுள்ள லயத்திலிருந்து அதன் வாயிலுக்குள்ள தொலைவைக் கிலோமீட்டரில் அளக்க இயலாது.

விளைவாக, கணினி அறையின் சாவி பல இடங்களில் கணித ஆசிரியர் கையிலோ, குறுகிய காலப் பயிற்சி பெற்ற வேறொரு பாட ஆசிரியை கையிலோ இருக்கிறது. பழுது பார்ப்பவரும் அவரே. பாடம் சொல்பவரும் அவரே. இரவில் தாமே படித்து மறுநாள் கற்பிப்பவரும் அவரே. அவருடைய உழைப்புக்கு ‘மேலதிகப் பொறுப்பு’ என்று பெயர். தகுதி என்று பெயரில்லை.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்த இடைவெளி எல்லோர் கண்ணிலும் பட்டது. மறு ஆண்டு, ஊவாவின் போஹிட்டியாவ என்னும் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய தகவல் தொழில்நுட்ப ஆசிரியையும் இணைய அலை தேடிக் காட்டு வழியே பாறை ஏறிய செய்தி உலகெங்கும் வெளியாயிற்று. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் கிராமத்துச் சிங்களப் பிள்ளைக்கும் ஏறவேண்டிய பாறை ஒன்றே என்பதை அச்செய்தி நமக்குச் சொல்லிற்று. இரு சாராரையும் பிரித்து வைத்து அரசியல் நடத்துவோர் அதனை எண்ணிப் பார்க்கட்டும்.

‘தகுதியைத் தளர்த்துங்கள், சேவையாண்டுகளை மட்டும் கணக்கிட்டுச் சான்றிதழ் கொடுங்கள்’ என்று நம்மவருள்ளும் சிலர் சொல்கின்றனர். அவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் இதனை ஏற்க மாட்டோம். தோட்டத்துப் பிள்ளைக்கு இது போதும் என்ற எண்ணமே 1907இல் பத்து வயதோடு கல்வியை நிறுத்தியது. அவ்வெண்ணம் இரக்கத்தின் வடிவில் வந்தாலும் பிள்ளைக்குச் செய்வது கேடுதான். நகரத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் அதே தகுதியுள்ள ஆசிரியர் லயத்துப் பிள்ளைக்கும் உரியவர்.

ஆகவே நாம் கேட்பது தாழ்ந்த வாயிலை அன்று. உயர்ந்த வாயிலுக்குப் படிகளை. கணினி அறையை இன்று சுமந்து நிற்கும் ஆசிரியருக்கு, ஊதியத்தோடு கூடிய கல்வி விடுப்பு வேண்டும். அவர் பயிற்சிக்காகப் பிரியும் நாட்களில் வகுப்பை ஏற்க மாற்று ஆசிரியர் வேண்டும். ஊவாவின் எல்லைக்குள்ளேயே தமிழில் இப்பாடத்துக்கான முழுநேரப் பயிற்சி வேண்டும். பதுளையிலுள்ள பல்கலைக்கழகம் தோட்டத்து மாணவருக்கு ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்கும் முன்வகுப்பைத் திறக்க வேண்டும். உயர்தரக் கணித, விஞ்ஞான வகுப்புகள் பசறைக்கும் லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் எட்டும் தொலைவில் அமைய வேண்டும். இங்கிலாந்து 1846இல் தன் உழைப்பாளர் பிள்ளைகளுக்கு அமைத்த ஏற்பாட்டைவிட இதில் பெரிய புதுமை ஒன்றும் இல்லை.

மணலில் எழுதிய விரல்களின் சந்ததியே இன்று விசைப்பலகையைத் தொடுகிறது. இடைப்பட்ட காலத்தில் அவ்விரல்கள் பறித்த கொழுந்தால் ஒரு நாடே வாழ்ந்தது. ஆசிரியர் கூட்டத்தில் அமரும் தோழர்களும் கல்லூரியில் பயிலும் இளைஞர்களும் அந்தக் கடனை நினைவிற்கொண்டு, கணினி எத்தனை என்று கேட்குமுன் ஆசிரியருக்கு வழி எங்கே என்று கேட்பார்களாக.