அநியாயத் தடை பிறந்த கதை

1999 டிசம்பர் கடைசியில் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் ‘குவேக்’ விளையாட்டின் மூல நிரலைப் பொதுவில் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கலாம். நிரல் எழுதிப் பழகுகிறவர்களுக்கு அது பெரிய கொடை. ஆனால் முதல் ஆளாக ஓடிவந்து எடுத்துக்கொண்டவர்களில் அழுகுணி ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். திருத்திய குவேக்கை வைத்துக்கொண்டு அடுத்தவர் ஆட்டத்தைக் கெடுப்பது சீக்கிரமே பெருந்தொல்லையாகிவிட்டது. அந்த நிரலை எழுதியவர்களில் முக்கியமானவரான ஜான் கார்மக்கே இதற்கு என்ன செய்யலாம் என்று யோசனை எழுதிப் போட வேண்டியதாயிற்று.

ஓட்டை என்னவோ அதற்கு முன்பே இருந்தது. இணையம் நத்தையாக ஊர்ந்த அந்தக் காலத்தில் ஆட்டம் தடங்கலின்றி ஓட வேண்டுமானால், வேலையில் ஒரு பகுதியை ஆட்டக்காரரின் கணினியிடமே விட வேண்டியிருந்தது. எதிராளி எங்கே நிற்கிறான் என்பதைச் சர்வர் முன்கூட்டியே அனுப்பிவிடும். அவன் சுவருக்குப் பின்னால் இருந்தால் திரை காட்டாது, அவ்வளவுதான். தகவல் நினைவகத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். அதைத் திருட்டுத்தனமாக எடுத்துக் காட்டுவது வால்ஹேக். அதை வைத்துத் துப்பாக்கியைத் தானாகத் திருப்புவது எய்ம்பாட். இரண்டுமே சர்வரின் கண் எட்டாத இடத்தில் நடப்பவை.

டோனி ரே ‘டீம் ஃபோர்ட்ரஸ் கிளாசிக்’ என்ற விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தவர். அங்கேயும் அழுகுணி ஆட்டக்காரர்களிடம் மாட்டி அலுத்துப்போய், தானே ஒரு காவல் நிரல் எழுதக் கிளம்பினார். 2000 செப்டம்பரில் சோதனைப் பதிப்பு வந்தது. பெயர் பங்க்பஸ்டர். அதில் ஒரு துண்டு ஆட்டக்காரரின் கணினியில் இருக்கும், இன்னொன்று சர்வரில். இங்கே இருப்பது நினைவகத்தைத் துழாவும். அங்கே இருப்பது அவ்வப்போது விசாரிக்கும். ஒழுங்கான பதில் வராவிட்டால் ஆள் வெளியே. இடையிடையே திரையைப் படம் எடுத்தும் அனுப்பும். அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட முதல் விளையாட்டு ‘ரிட்டர்ன் டு கேசில் வுல்ஃபென்ஸ்டைன்’. பிறகு ‘பேட்டில்ஃபீல்ட்’ வரிசை, அமெரிக்க ராணுவம் ஆள் சேர்ப்பதற்காக வெளியிட்ட ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்று அது போகாத இடமில்லை.

துழாவும் என்றேனே, எதைத் தேடி? ஏற்கெனவே கைக்குக் கிடைத்த திருட்டு நிரல் ஒவ்வொன்றிலிருந்தும் அடையாளமாகச் சில பைட்டுகளை எடுத்துப் பட்டியல் போட்டிருப்பார்கள். ‘சிக்னேச்சர்’ என்று சொல்வது அதைத்தான். அந்தத் துணுக்கு உங்கள் நினைவகத்தில் அகப்பட்டால் நீங்கள் குற்றவாளி. ஆட்டத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பார்ப்பதில்லை, உங்கள் கணினியில் என்ன இருந்தது என்று பார்க்கிறார்கள். என் கணக்கில் பின்னால் நடந்த கோளாறு அத்தனைக்கும் விதை இங்கேதான் விழுந்தது. ஆனால் டோனி ரேயைக் குறை சொல்லவும் முடியாது. கைதேர்ந்த ஆட்டக்காரரையும் எய்ம்பாட் வைத்திருப்பவரையும் ஆட்டத்தை மட்டும் பார்த்துப் பிரித்துச் சொல்லும் வித்தை அன்றைக்குக் கைவசம் இல்லை.

பட்டியல் ரகசியமாக இருந்தாக வேண்டும். வெளியே தெரிந்தால், திருட்டு நிரல் எழுதுகிறவன் அந்தச் சில பைட்டுகளை மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். ஆகவே தடை விழுந்தவரிடமும் எதனால் விழுந்தது என்று சொல்ல மாட்டார்கள்.

2002-ல் வால்வ் நிறுவனம் ‘கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்’குக்குச் சொந்தமாக ஒரு காவலைக் கொண்டுவந்தது. வால்வ் ஆன்டி-சீட், சுருக்கமாக வேக். ஆரம்பத்தில் மாட்டினால் 24 மணி நேரத் தடை. பிறகு அது ஓராண்டு, ஐந்தாண்டு என்று ஏறி, 2005-ல் நிரந்தரமாகிவிட்டது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி அதை நீக்க முடியாது, தவறு என்று நிறுவனமே கண்டால்தான் உண்டு. தடையை உடனுக்குடன் போடுவதுமில்லை. எந்தப் பதிப்பால் மாட்டினோம் என்று திருடனுக்குப் புரியக் கூடாதென்று நாள் கடத்தி மொத்தமாகப் போடுவார்கள். கெட்டிக்காரத்தனம்தான். இந்தக் கண்டிப்பிலும் நியாயம் இருக்கிறது: மாட்டுகிறவன் எவனும் ஒப்புக்கொள்வதில்லை, ‘நான் இல்லை, என் தம்பி ஆடினான்’ என்றுதான் எழுதுவான். உண்மையிலேயே தப்புச் செய்யாதவர் எழுதினாலும் அந்தக் குவியலோடுதான் போய்ச் சேரும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனத்தை முதலில் பச்சையாக வெளிப்படுத்தியவர்கள் திருட்டு நிரல் உலகத்து ஆட்களே. பங்க்பஸ்டர் கணினியின் நினைவகம் முழுவதையும் பாகுபாடில்லாமல் துழாவியது. அது தேடிய அடையாளங்கள் எவை என்று கண்டுபிடித்தவர்கள், 2008 மார்ச்சில் அவற்றை எழுத்தாகவே ஆட்டக்காரர்கள் கூடும் ஐஆர்சி அரட்டை அறைகளில் கொட்டினார்கள். அரட்டை ஜன்னலைத் திறந்து வைத்திருந்தவரின் நினைவகத்தில் அந்த எழுத்துகள் ஏறின. காவல் நிரல் பார்த்தது. தடை. எவனோ சட்டைப்பையில் போட்டுவிட்டுப் போன துண்டுச்சீட்டுக்காக ஒருவரை உள்ளே தள்ளுவதுபோல. ஈவன் பேலன்ஸ், அதுதான் டோனி ரேயின் நிறுவனம், அந்தத் தேடலைச் சுருக்கிக்கொண்டது.

எதிரியே இல்லாமலும் இது நடக்கும் என்பதை 2010 ஜூலை காட்டியது. ‘மாடர்ன் வார்ஃபேர் 2’ ஆடியவர்கள் பலருக்குத் திடீரென்று வேக் தடை. காரணம், விளையாட்டுகளை விற்றுப் புதுப்பித்தும் தரும் வால்வின் ஸ்டீம் மென்பொருளேதான். விளையாட்டுக் கோப்பு ஒன்றை அது வட்டில் புதுப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில் வட்டில் இருந்த பிரதியும் நினைவகத்தில் இருந்த பிரதியும் பொருந்தாமல் போயின. பொருந்தாவிட்டால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று கணக்கு. இரண்டு வாரங்களில் ஏறக்குறைய 12,000 பேர். வால்வின் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டு எழுதினார். ஆளுக்கு ஒரு ‘லெஃப்ட் 4 டெட் 2’, நண்பருக்குக் கொடுக்க இன்னொன்று என்று கையில் கொடுத்துத் தடையையும் நீக்கினார்கள். 12,000 பேர் என்பதால் பிழை என்று தெரிந்தது. பன்னிரண்டு பேராக இருந்திருந்தால் தம்பி கதை சொல்கிறவர்கள் என்றுதான் விட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

2023 அக்டோபரில் பழி கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போனது. ஏஎம்டி நிறுவனத்தின் ‘ஆன்டி-லேக் பிளஸ்’ என்ற வசதி, தாமதத்தைக் குறைப்பதற்காக விளையாட்டின் உள் நிரலுக்குள் தானே குறுக்கே புகுந்து வேலை செய்தது. திருட்டு நிரல்கள் செய்வதும் அதைத்தான். ‘கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2’ ஆடுகிறவர்கள் அதைப் போடவேண்டாம், போட்டால் வேக் தடை விழும் என்று வால்வே வெளிப்படையாக எச்சரித்தது. ஏஎம்டி அந்த வசதியோடு வந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது, தடைகளும் பின்னர் விலக்கப்பட்டன.

இதற்குள் இரண்டு பாதைகள் பிரிந்துவிட்டன. ஆட்டத்தையே பார்ப்பது ஒன்று. ஆட்டக்காரர் குறிபார்க்கும் விதத்தைச் சர்வர் பக்கமே வைத்து அலசும் ‘வேக்நெட்’ பற்றி வால்வ் 2018-ல் விளக்கியது. கணினியை இன்னும் ஆழமாகத் துழாவுவது மற்றொன்று. ரயட் நிறுவனத்தின் ‘வேன்கார்ட்’ 2020-ல் ‘வாலரன்ட்’டோடு வந்தது. கணினியை இயக்கியதுமே எழுந்து உட்கார்ந்துகொள்ளும் அது இயங்குதளத்தின் கருவான கெர்னல் வரை இறங்கியது. 2021-ல் ‘கால் ஆஃப் டூட்டி’யின் ‘ரிக்கோஷே’யும் அந்த வழியில் வந்தது.

இவ்வளவு ஆழம் போனபிறகும் தேடியது பழைய எழுத்துகளைத்தான். ரிக்கோஷேயின் அடையாளங்களில் ‘ட்ரிகர் பாட்’ (தானாகச் சுடும் நிரல்) என்ற சாதாரணச் சொற்களும் இருந்ததாகப் புனைபெயரில் ஒரு ஹேக்கர் 2024-ல் சொன்னார். ஆட்டத்துக்குள்ளேயே ஒருவருக்குத் தனிச்செய்தியில் அந்தச் சொற்களை அனுப்பினால் போதுமாம், அவர் கணக்கு தடைப்படும். முதலில் தனக்கே அனுப்பிச் சோதித்துவிட்டு, பிறகு ஆட்டத்துக்கு ஆட்டம் நுழைந்து செய்தி போட்டுவிட்டு வெளியேற ஒரு ஸ்கிரிப்டும் எழுதி வைத்தாராம். ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றியதாக அவர் கணக்கு. ‘கால் ஆஃப் டூட்டி’யை வெளியிடும் ஆக்டிவிஷன் 2024 அக்டோபரில், கண்டறியும் முறையில் ஒரு குறுக்குவழி இருந்ததாகவும், அதை அடைத்து, பாதிக்கப்பட்ட கணக்குகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் அறிவித்தது. அவை மிகச் சிலவே என்றும் சொன்னது. தடைப்பட்டவர்கள் யார், எந்த அடையாளத்தால் என்ற கணக்கு நிறுவனத்திடமே இருப்பதால், இரண்டில் எது சரி என்று வெளியாள் யாராலும் சரிபார்க்க முடியாது.