கையூன்றி எழுந்த பையன்



1980களின் கடைசி. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் என் மூன்றாம் வகுப்பில் படித்தான். தரையிலிருந்து எழும்போது முழங்கால், தொடை என்று கையை ஊன்றி ஊன்றித்தான் நிமிர்வான். கெண்டைச் சதை மட்டும் பருத்திருக்கும். சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன்.

அப்படி எழுவதற்கே மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. லண்டன் மருத்துவர் கவர்ஸ் 1879இல் எழுதிவைத்தது. அதற்கும் முன்பே, 1851இல் மெரியான் என்பவரும் 1860களில் பிரான்சின் டுஷேனும் இந்தத் தசைச்சிதைவு நோயை விவரித்துவிட்டார்கள். பெயர் டுஷேனுக்குப் போனது; மெரியான் பாவம்! பையன்களையே பெரும்பாலும் பிடிக்கும் இந்த நோயில், தசையில் இல்லாமல் போவது டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம். அதை அமெரிக்காவில் கண்டறிந்தது 1987இல்தான். ஏறக்குறைய அவன் என் வகுப்பில் உட்கார்ந்திருந்த காலம்.

தெருவில் அவன் அம்மாவைத்தான் பழித்தார்கள். சொந்தத்தில் கட்டியதால் வந்த வினையாம். நானும் தலையாட்டினேன். சொந்தத் திருமணத்தால் கூடுகிற தசைநோய்கள் வேறு உண்டு. டுஷேன் அப்படி வருவதில்லை. குறை எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தாய்வழி வரலாம், ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்குப் புதிதாகவே தோன்றிவிடும்.

சேலத்தில் வானவன்மாதேவி, இயலிசை வல்லபி என்ற சகோதரிகள், தாங்களே தசைச்சிதைவோடு இருந்துகொண்டு, இத்தகைய பிள்ளைகளுக்காக ஆதவ் அறக்கட்டளை நடத்தினார்கள். வானவன்மாதேவி 2017இல் மறைந்தார். 2016ஆம் ஆண்டுச் சட்டம்தான் தசைச்சிதைவை 21 வகை ஊனங்களில் ஒன்றாகத் தனியே பெயர் சொல்லிச் சேர்த்தது.

அவன் ஐந்தாம் வகுப்போடு நின்றான். அப்பா தூக்கிவந்து தறிக்குழி ஓரம் உட்கார வைப்பார்; இழை அறுந்தால் குரல் கொடுப்பான். அவன் போய்ப் பல வருடமாகிறது. அந்த அம்மா இன்னும் அதே தெருவில்தான். நாளை போய் இதைப் படித்துக் காட்டப்போகிறேன்.