நைட்ரஜனை எண்ணிய சோதனை

1883-இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் யோகான் கெல்டால் ஒரு முறையை வகுத்தார். தானியத்தைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதன்வழி புரதத்தைக் கணக்கிடும் முறை அது. பின்னர் பாலுக்கும் அதுவே வழக்கானது: நைட்ரஜன் அளவை 6.38-ஆல் பெருக்கினால் புரதம். நூறாண்டுகளுக்கு மேல் உலகம் அந்த எண்ணை நம்பியது.

ஆனால் அச்சோதனை புரதத்தைக் கண்டதே இல்லை. நைட்ரஜனை மட்டுமே கண்டது. சீனாவில், தண்ணீர் கலந்து புரதம் குறைந்த பாலில் மெலமைனைச் சேர்த்தவர்கள் இதை அறிந்தே சேர்த்தனர். தட்டும் கிண்ணமும் செய்ய உதவும் பிசினின் மூலப்பொருள் அது. அதன் எடையில் மூன்றில் இரு பங்கு நைட்ரஜன். வினாத்தாள் முன்கூட்டியே கைக்கு வந்த தேர்வு எனலாம். ஆய்வக அறிக்கையில் பால் தேறியது; அதைக் குடித்த குழந்தைகளின் சிறுநீரகங்களில் கல் சேர்ந்தது. 2008-இல் ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றனர். இறந்தோர் 6 பேர் என்றது சீன அரசு.

அவ்வாண்டு செப்டம்பரில் சீனப் பால்பொருள்களின் இறக்குமதியை இந்தியா தடைசெய்தது. மெலமைனைத் தனியே கண்டறியும் குரோமட்டோகிராபி சோதனைகள் ஆய்வகங்களில் பரவின. 2010-இல் கோடெக்ஸ் ஆணையம் குழந்தைகளுக்கான பால்மாவில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என வரம்பு வகுத்தது. புரதத்தை அளக்கக் கெல்டால் முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது.