சாலையோரப் பலகைகள் சொல்வதும் சொல்லாததும்

நியூயார்க் என்றதும் நினைவுக்கு வருவது வானளாவிய கட்டடங்களும் சுதந்திர தேவி சிலையும்தான். ஆனால் அதே நியூயார்க் மாநிலத்தின் வடகிழக்கில், அடிராண்டாக் மலைகளுக்கு நடுவே எஸ்ஸெக்ஸ் கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்மூர் மாவட்டம் போல. காடும் ஏரியும் மலையும்தான் அதிகம்; இடையிடையே சிற்றூர்கள். 2020 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள்தொகையே 37 ஆயிரத்துச் சொச்சம்.

இந்த மாநிலத்துச் சாலைகளில் போகும்போது ஓரத்தில் ஒரு கம்பத்தின் மேல் நீல நிற இரும்புப் பலகை நிற்பதைப் பார்க்கலாம். அதில் மஞ்சள் எழுத்தில் ஐந்தாறு வரிகள் இருக்கும். இங்கே கோட்டை இருந்தது, இங்கே போர் நடந்தது என்று சொல்லும். காரில் போகிறவர் படித்து முடிப்பதற்குள் பலகை பின்னால் போய்விடும். அமெரிக்க விடுதலைப் போரின் 150ஆம் ஆண்டை ஒட்டி, 1926ல் மாநில அரசு தொடங்கிய திட்டம் இது. நீலமும் பொன்னிறமும் அந்த மாநிலத்தின் வண்ணங்கள்.

போர் நினைவாகத் தொடங்கியதால் முதல் மரியாதை பீரங்கிகளுக்குத்தான். எஸ்ஸெக்ஸ் கவுண்டியில் உள்ள டைகாண்டரோகா கோட்டையை 1775 மே 10 அன்று ஈத்தன் ஆலனும் பெனடிக்ட் ஆர்னால்டும் பிடித்தார்கள். அங்கும் பக்கத்துக் கிரவுன் பாயிண்டிலும் கிடைத்த பீரங்கிகளில் ஏறக்குறைய 60 டன் எடையை, அந்தக் குளிர்காலத்தில் ஹென்றி நாக்ஸ் என்ற இளைஞர் படகிலும் பனிச்சறுக்கு வண்டியிலும் ஏற்றி, பாஸ்டன் வரை கொண்டு சேர்த்தார். தூரம் சுமார் 300 மைல்! 1776 மார்ச்சில் ஆங்கிலேயப் படை பாஸ்டனை விட்டு வெளியேற இந்தப் பீரங்கிகளும் ஒரு காரணம். அவர் போன வழி நெடுக 1926-27ல் நியூயார்க், மாசசூசெட்ஸ் மாநிலங்கள் 56 நினைவுக் கற்களை நட்டன. பிறகு, வழியின் ஒரு பகுதி வேறு என்று தெரியவந்ததும், 1975ல் சில கற்களை இடம் மாற்றினார்கள். கல்லில் எழுதியதையும் திருத்தலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இதே கவுண்டியில் இன்னொரு சுவையான நினைவுக்கல் உண்டு. 1901 செப்டம்பர் 6 அன்று பஃபலோ நகரில் அதிபர் மெக்கின்லி சுடப்பட்டார். அவர் பிழைத்துவிடுவார் என்று நம்பி, துணை அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அடிராண்டாக் மலையேறப் போய்விட்டார். 13ஆம் தேதி, மெக்கின்லியின் நிலை மோசம் என்று மலைக்கே ஆள் வந்து செய்தி சொன்னான். இருட்டில், சேற்றுப் பாதையில், குதிரை வண்டி மாற்றி வண்டி ஏறி நார்த் கிரீக் ரயில் நிலையத்துக்கு விரைந்தார் ரூஸ்வெல்ட். வழியில், 14ஆம் தேதி அதிகாலை 2:15க்கு மெக்கின்லி இறந்தார். அந்த நொடியில் வண்டி எங்கே இருந்தது? வண்டியில் இருந்தவர்களுக்கே தெரியாது. ஆனாலும் நியூகோம், மினர்வா ஊர்களுக்கு இடையே ஒரு கல் நிற்கிறது: 'இந்த இடத்துக்கு அருகில்' அவர் அதிபரானார் என்று. அந்த 'அருகில்' என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால், எல்லோருக்கும் இந்த 'அருகில்' கிடைத்துவிடவில்லை.

1821ல் நியூயார்க் மாநிலம் ஒரு விதி செய்தது. கறுப்பின ஆண் வாக்களிக்க வேண்டுமானால் 250 டாலர் மதிப்புள்ள நிலமோ வீடோ அவனுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். வெள்ளையருக்கு இந்த நிபந்தனை இல்லை. இதற்கு விடையாக, கெரிட் ஸ்மித் என்ற பெரும் நிலக்கிழார், அடிமை முறையை எதிர்த்தவர், 1846ல் ஒரு காரியம் செய்தார். அடிராண்டாக் பகுதியில் தனக்கிருந்த 1,20,000 ஏக்கரைப் பிரித்து, 3,000 கறுப்பின ஆண்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். ஆளுக்கு 40 ஏக்கர்!

நிலம் கிடைத்தது, ஆனால் அது காடு. கடுங்குளிர், மெலிந்த மண், கையில் காசில்லை. வந்து குடியேறியவர்கள் மிகச் சிலர். எஸ்ஸெக்ஸ் கவுண்டியின் நார்த் எல்பாவில் அவர்கள் போட்ட குடியிருப்புக்கு டிம்பக்டூ என்று பெயர். இவர்களுக்கு உதவத்தான் ஜான் பிரவுன் 1849ல் அங்கே குடிவந்தார். 1859ல் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கித் தூக்கிலிடப்பட்ட அதே ஜான் பிரவுன்தான். அவரது உடல் நார்த் எல்பாவுக்கே வந்தது. அடக்கத்தின்போது பாடியது டிம்பக்டூவைச் சேர்ந்த எப்ஸ் குடும்பம்.

பிறகு நடந்தது என்ன? பிரவுனின் பண்ணை அரசின் பாதுகாப்புக்கு வந்தது. 1935ல் அங்கே அவருக்குச் சிலையும் எழுந்தது. ஆனால் எந்த மக்களுக்காக அவர் அங்கே வந்தாரோ, அவர்களின் கதை பல பத்தாண்டுகள் அவர் நிழலிலேயே கிடந்தது. 2001ல் ஒரு கண்காட்சி அவர்களையே மையமாக வைத்து அந்தக் கதையைப் பேசியது. தொல்லியலாளர்களும் அங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். மரக்குடிசைகளின் தடம் அவ்வளவு எளிதில் அகப்படவில்லை.

பலகைக்கு ஓர் இடம் வேண்டும். 'இங்கே' என்று விரல் நீட்ட ஒரு கோட்டையோ, வீடோ, கல்லறையோ வேண்டும். நிலத்தை விட்டுப் போனவர்களுக்கு அது இல்லை. அன்று நிலம் இல்லாதவனுக்கு ஓட்டு இல்லை. பிறகு நிலம் நிலைக்காதவனுக்கு நினைவும் இல்லை. ஓடும் வண்டிக்கே 'அருகில்' என்று ஒரு கல் நட முடிந்ததே, ஆண்டுக்கணக்கில் காட்டை வெட்டி உழுதவர்களுக்கு அது ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

நிலைமை மாறி வருகிறது என்பது ஆறுதல். 2006 முதல் பாமராய் அறக்கட்டளை இத்தகைய பலகைகளுக்குப் பணம் தருகிறது. ஒரு நிபந்தனை: எழுதுவதற்கு அந்தக் காலத்து மூல ஆவணம் வேண்டும். செவிவழிக் கதை போதாது. டிம்பக்டூ மக்களைப் பொறுத்தவரை ஸ்மித்தின் நிலப் பத்திரங்களும் 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இருக்கின்றன. ஓட்டுக்காக எழுதிய பத்திரமே இன்று சாட்சி!

பக்கத்து ஃபிராங்க்ளின் கவுண்டியில் ஜான் தாமஸ் என்பவர் மேரிலாந்தில் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து, நிலம் வாங்கி விவசாயம் செய்தவர். அவர் நிலத்தருகே ஓடும் ஓடைக்கு வெகுகாலம் அவர் பெயர் இல்லை, அவரது இனத்தைக் குறிக்கும் சொல்தான் பெயர். 2020களில் அதை 'ஜான் தாமஸ் ஓடை' என்று மாற்றினார்கள்.

அடுத்த முறை எந்த ஊர்ச் சாலையில் ஒரு பலகையைப் பார்த்தாலும், அதிலுள்ள வரிகளைப் படித்துவிட்டு, சுற்றிலும் ஒருமுறை பாருங்கள். பலகை இல்லாத இடத்திலும் யாரோ வாழ்ந்திருப்பார்கள்.